கரும்பலகையும் ரிமோட்டும்

உலகம் எப்போது அழிந்தது என்று என் நண்பரைக் கேளுங்கள். பிறந்த நாளைச் சொல்வதுபோலச் சொல்வார்: 2077 அக்டோபர் 23, காலை. அணுகுண்டு விழுந்தது, அமெரிக்கா சாம்பல். சொல்லும்போது முகத்தில் பொட்டு வருத்தம் இராது. 1997-லிருந்து 'ஃபால்அவுட்' வீடியோ கேம் ஆடுகிறவருக்கு அது பழகிப்போன சாவு.

அந்த முதல் கேமில் 13ஆம் எண் வால்ட் என்கிற நிலவறையின் தண்ணீர் சிப் கெட்டுவிடும். 150 நாளுக்குள் வேறு சிப் தேடிக்கொண்டு வராவிட்டால் நிலவறையில் இருக்கிற அத்தனை பேரும் தாகத்தில் சாக வேண்டியதுதான். இவர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு தடவையா, ஏழு தடவை! தம் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லி மனைவி கேட்டு எத்தனை நாளாயிற்று என்பதை மட்டும் நாம் விசாரிக்கக்கூடாது.

2024 ஏப்ரலில் அது அமேசான் பிரைமில் தொடராக வந்தது. கூட உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை உட்காருவாரே, அப்படி உட்கார்ந்தார் மனிதர். நாயகி லூசியின் நீல உடுப்பில் 33 என்ற வால்ட் எண் சரியாக இருக்கிறதா, மணிக்கட்டில் கட்டிய பிப்-பாய் கருவியில் திருகு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் அவருக்கு ஏமாற்றம். சொல்லக் குறை இல்லாவிட்டால் அத்தை காபியில் சர்க்கரை கம்மி என்பார். இவர் 'கூல்' என்கிற பாத்திரத்தின் மருந்தைப் பிடித்துக்கொண்டார். அந்த வேடத்தில் வால்டன் காகின்ஸ் மூக்கே இல்லாத முகத்தை வைத்துக்கொண்டு வெளுத்து வாங்குகிறார். இவரோ, "இந்த மஞ்சத் தண்ணி எந்த கேம்லயும் கிடையாது" என்று ரிமோட்டை அமுக்கினார். படம் நின்றது. அரைமணி நேரம் பாடம்.

நாய் வந்தால் மட்டும் பேச மாட்டார். முதல் கேமிலேயே ஒரு நாய் கூட வந்ததாம். அந்தக் காட்சிகளில்தான் எனக்குக் கதை புரிந்தது.

ஆறாவது எபிசோடில் வந்தது அந்தக் கரும்பலகை. 'ஷேடி சாண்ட்ஸ் வீழ்ச்சி, 2277' என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். நான் கவனிக்கக்கூட இல்லை. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நியூ வேகஸ் கேம் நடக்கிறது 2281-ல. அதுல ஒரு குடியரசு கல்லு மாதிரி நிக்குது. அதோட முதல் தலைநகரமான ஷேடி சாண்ட்ஸ் நாலு வருஷம் முன்னாடியே எப்படிய்யா விழும்?"

2077-இல் கோடிக்கணக்கானவர் செத்ததற்குக் கலங்காத கண், இந்த நாலு வருஷத்துக்குக் கலங்கியது.

கேமைத் தயாரிக்கும் டாட் ஹோவர்டே பிறகு விளக்கம் சொல்லிவிட்டார்: ஷேடி சாண்ட்ஸில் குண்டு விழுந்தது நியூ வேகஸ் கதைக்குச் சற்றுப் பின்புதான். செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னேன். தலைமுறை தலைமுறையாக நடந்த வரப்பு வழக்கில் திடீரென்று ராஜியாகிவிட்டால், நாளைக்குக் கோர்ட்டுக்குப் போக வேலையில்லையே என்று வாதி முகம் தொங்குமே, அப்படித் தொங்கியது.

எட்டு எபிசோடுக்கு எங்களுக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. இரண்டாவது சீசன் 2025 டிசம்பரில் வந்துவிட்டது. கதை நேராக நியூ வேகஸுக்கே போகிறது. வாசகர்களில் யாராவது அவர் வீட்டு சோபாவில் என் இடத்தில் உட்கார முன்வந்தால், காபிச் செலவு என்னுடையது. ரிமோட்டை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.