பனிமூட்டத்தின் மேல் பழி

தோற்ற சதுரங்க ஆட்டத்தை மீண்டும் பலகையில் பரப்பி, நகர்வு நகர்வாகச் சோதிப்பதை ஆட்டக்காரர்கள் போஸ்ட்மார்ட்டம் என்பர். கொடைக்கானலில் இதற்கு ஓர் இடையூறு உண்டு. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில், தோல்விக்குப் பொறுப்பேற்க இயற்கையே ஆயத்தமாக நிற்கிறது. விரல் விறைத்தது, கம்பளித் தொப்பி கண்ணை மறைத்தது, ஜன்னல் வழியே மேகம் புகுந்தது என்று காரணங்கள் பெருகப் பெருக, 18ஆம் நகர்வில் குதிரையைக் காவலின்றி விட்ட செய்தி மட்டும் ஆய்வில் இடம்பெறாமல் போகிறது.

மலையடிவாரத்துப் பழனியின் தலபுராணமும் இவ்வகையில் ஆராயத்தக்கதே. கனிக்காக நடந்த போட்டியில் மயிலேறி உலகைச் சுற்றிய முருகன் தோற்க, அம்மையப்பரைச் சுற்றிய அண்ணன் கனியைப் பெற்றார். இளையவரோ ஆட்டத்தை ஆராயாமல் கோபித்துக்கொண்டு குன்றேறிவிட்டார். பக்தர்களுக்கு அதனால் விளைந்த நன்மை அளவற்றது எனினும், பயிற்சியாளர்கள் இம்முறையைப் பரிந்துரைப்பதில்லை.

இறுதியாட்டத்தில், அதாவது பெரும்பாலான காய்கள் வெட்டுண்டு ராஜாவே இறங்கி நடக்கவேண்டிய கட்டத்தில், சுற்றுவழி நீளமானது என்ற விதியும் செல்லாது. 1921இல் ரிச்சர்ட் ரெட்டி அமைத்த புதிரில், ஓடும் கறுப்புச் சிப்பாயை வெள்ளை ராஜா நேராகத் துரத்தினால் பிடிக்க இயலாது. மூலைவாட்டில் நடந்தாலோ, தன் சிப்பாய்க்குத் துணைபோவதாக மிரட்டியபடியே எதிரியையும் நெருங்கி, ஆட்டத்தைச் சமன் செய்துவிடுகிறது. ராஜாவுக்கு எத்திசையிலும் ஒரு நகர்வுக்கு ஒரு கட்டமே ஆதலால், அங்கே நேர்வழியும் ஆறு நகர்வு, வளைந்த வழியும் ஆறு நகர்வு. மயிலுக்குக் கிட்டாத சலுகை இது.

உலக சாம்பியன்களும் இக்கட்டத்தில் வழுக்குவர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் 14ஆம் ஆட்டத்தின் 55ஆம் நகர்வில் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்த டிங் லிரென், மூலையில் முடங்கிய தம் மந்திரியும் அடுத்து வெட்டுப்படும் என்பதைக் கவனிக்கவில்லை. எஞ்சிய சிப்பாய் ஆட்டம் தோல்வி ஆதலால், 18 வயதுச் சென்னைக்காரரான குகேஷ் பட்டம் வென்றார். அவரைப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நெடுங்காலம் கணினி என்ஜினைத் தொடவிடாமலே வளர்த்தார் என்பது இங்கே கருதத்தக்கது. என்ஜின் சரியான நகர்வை நொடியில் சொல்லும். தவறான நகர்வு எந்த ஆசையால் பிறந்தது என்பதை ஆடியவரே எழுதிவைத்தாக வேண்டும்.

இந்த ஆய்வின்போது வென்றவரையும் அருகில் உட்காரவைப்பது உத்தமம். ஆயினும், எல்லாவற்றையும் பத்து நகர்வு முன்பே கண்டுவிட்டதாக அவர் கூறுவதில் பாதியைத் தள்ளுபடி செய்தே குறித்துக்கொள்ள வேண்டும்.