உருளிக்கு 80ஜி உண்டா?

நாஞ்சில் நாட்டில் ஒரு பழைய வீடு இடிபடும்போதெல்லாம் ஒரு கொடைவள்ளல் பிறக்கிறார். அரங்கிலிருந்து உருளி, கோளாம்பி, கிண்டி, வெற்றிலைச் செல்லம், முகப்பிலிருந்த மரச்சிற்பம் எல்லாம் முற்றத்துக்கு வரும். கோட்டாற்றுப் பாத்திர வியாபாரி எடைக்கு விலை சொல்லுவார். அண்ணாச்சிக்கு அது பிடிக்காது. "மியூசியத்துக்குக் குடுக்கப் போறேன்" என்பார், தெருவுக்கே கேட்கும்படி. அதோடு நிறுத்தினால் அவர் வெறும் நல்ல மனுஷர். நிறுத்த மாட்டார். "இன்கம்டாக்சுல எவ்வளவு கழியும்?"

நியூஜெர்சி மருமகன் போனில் ஏற்றிவிட்ட ஆசை இது. அங்கே பொருளைத் தானம் செய்தாலும் வரிக்கழிவு உண்டு. 500 டாலருக்கு மேல் போனால் 8283 என்றொரு படிவம். பொதுவாக 5,000 டாலரைத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் விலை எழுதித் தரவேண்டும், வாங்கிய நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். பிரான்சில் 1968-லிருந்து வாரிசு வரியையே கலைப்பொருளாகக் கட்டலாம். பிக்காசோவின் வாரிசுகள் அப்படிக் கொடுத்த படங்களால்தான் பாரிசில் அவர் பெயரில் மியூசியமே அமைந்தது. இத்தனையும் கேட்ட அண்ணாச்சியின் மனசில் தங்கியது டாலர் மட்டும்.

உருளியின் வயது ஆளுக்கு ஆள் மாறும். மியூசியக்காரரிடம் பேசும்போது அது மார்த்தாண்டவர்மா காலத்தது. 1741-ல் குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி டிலனாய்க்கு அதில்தான் கஞ்சி காய்ச்சினார்கள். "அப்போ இங்க அனுப்புங்க மாமா, நான் 8283 போட்டுக்கிடுதேன்" என்று மருமகன் சொன்ன அன்று அதே உருளிக்கு வயது அறுபது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மரச்சிற்பத்தின் கதை இன்னும் சிக்கல். அதற்கு நூறு வயது என்றால் போட்டோவோடு பதிந்திருக்க வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அன்று சாயங்காலமே சிற்பம் பத்தாயத்துக்குப் பின்னால் போய்விட்டது.

எந்த மியூசியம் என்பது அடுத்த வழக்கு. பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் 1956-ல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. கன்னியாகுமரியில் இருப்பது தமிழ்நாட்டு அரசின் அருங்காட்சியகம். "குடுக்கது திருவனந்தபுரத்துக்கா சென்னைக்கா, வரி கழிக்கது டெல்லியா?" என்று டீக்கடையில் அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

கடைசியில் செட்டிகுளம் பக்கத்து ஆடிட்டரிடம் போனார். ஆடிட்டர் வயதில் சின்னவர், பொறுமைசாலி.

"அண்ணாச்சி, தானத்துக்கு வரிக்கழிவு தர்ற 80ஜி பிரிவு ரூவாய்க்குத்தான். பொருளாக் குடுத்தா ஒரு பைசா கழியாது. ரவிவர்மா படத்தைக் குடுத்தாலும் இதேதான். ரூவாயா இருந்தாலும் 2,000-க்கு மேல ரொக்கமாக் குடுக்கப்பிடாது."

"அப்போ உருளியை மியூசியத்துக்கு வித்து, அந்தச் செக்கை அவனுக்கே தானமா எழுதிக் குடுத்தா?"

ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்தார். சட்டம் எழுதியவர்களுக்குக்கூட இது தோன்றியிருக்காது. விற்றால் மூலதன ஆதாய வரி வருமா என்று பார்த்தால், அதுவும் வராது. வீட்டில் புழங்கும் பாத்திரம் மூலதனச் சொத்தில் சேராது. ஓவியமும் சிற்பமும் சேரும். ஆனால் அவற்றை அரசுக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ, தேசிய அருங்காட்சியகத்துக்கோ கொடுத்தால் வருமான வரிச் சட்டம் அதைக் கைமாற்றமாகவே எண்ணுவதில்லை. வாங்க மியூசியத்தில் பணம் இருக்கிறதா என்பதுதான் பாக்கி.

அதற்குமுன் ஆடிட்டர் வேறொன்று கேட்டார். "உங்களுக்கு வரி எவ்வளவு வருது?"

வருமானம் என்றால் வயல், தென்னந்தோப்பு, வாழை. அது விவசாயம், வருமான வரி கிடையாது. பிறகு பென்ஷன். புது வரிமுறையில் 2025-26 முதல் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. அண்ணாச்சியின் பென்ஷன் அதில் பாதிகூட வராது. கட்டாத வரியில் கழிவு கேட்டு ஒரு மனுஷர் மூன்று மாதம் அலைந்திருக்கிறார். போதாததற்குப் புது முறையில் 80ஜியே கிடையாது. 2025-ல் நிறைவேறிய புதுச் சட்டத்தில் பிரிவு எண்களும் மாறிவிட்டன. அவர் இன்னும் 80ஜி என்றுதான் சொல்லுகிறார்.

வரி போனால் போகட்டும், பெயர்ப் பலகை உண்டே! அதற்கு மியூசியம் கேட்டது ஒரு கடிதம்: பொருள் எனக்கே உரியது, வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்று. இங்கேதான் குடும்பம் விழித்துக்கொண்டது. உருளி வந்தது தாத்தா வழியில் அல்ல, தாத்தாவின் மாமன் வழியில். கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதி நையாண்டி செய்த அதே வாரிசு முறை. 1926-ல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து குடும்பங்கள் பாகம் பிரிந்தபோது நிலத்துக்குப் பத்திரம் எழுதினார்கள், உருளிக்கு எழுதவில்லை. தேரூர், சுசீந்திரம், பூதப்பாண்டி என்று மூன்று ஊரிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். யாருக்கும் உருளி வேண்டாம். பலகையில் பெயர் வேண்டும், இனிஷியலோடு.

யார் பெயர் முதலில் என்று இன்னும் முடிவாகவில்லை. வீட்டம்மாவுக்கு இதில் அக்கறையில்லை. "ஓணத்துக்கு அடைப்பிரதமன் எதுல வைக்கதாம், 80ஜியிலயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். போன வாரம் பூதப்பாண்டியில் ஒரு கல்யாண வீட்டுக்கு, யாரிடமும் கேட்காமல், உருளியை இரவல் கொடுத்துவிட்டார்.