மியாட்டாவுக்கு ஸ்பிரிங் பார்த்த கதை

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வீட்டில் சம்மதம் வாங்கிவிடலாம். நடு வயதில் ஆம்பளைக்கு ஏதாவது ஒன்று பிடிக்கும், காரோடு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஒழுங்காக ஓடுகிற அந்தக் காரிலிருந்து, ஒழுங்காக இருக்கிற ஷாக் அப்ஸார்பர் நான்கையும் கழற்றி வைத்துவிட்டு, 3,500 டாலருக்கு வேறு நான்கு மாட்டப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "இப்ப இருக்கறதுக்கு என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சங்கடம்.

என்னுடையது மாஸ்டா மியாட்டா, நான்காம் தலைமுறை. இரண்டே சீட்டு. எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். டிக்கியில் ஓர் அரிசி மூட்டையை வைத்துவிட்டால் கறிவேப்பிலையை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் டபுள் விஷ்போன், பின்னால் மல்டிலிங்க் என்று ஜாதகம் சுத்தமான கார். ஒரே குறை, வளைவில் திருப்பினால் நன்றாகச் சாயும். சாய்வது தெரிந்தால்தான் குறைந்த வேகத்திலும் ஓட்டுகிற சுகம் கிடைக்கும் என்பது மாஸ்டாக்காரர்களின் கட்சி. ஓட்டுகிறவனுக்குச் சுகம்தான். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுகிறார்.

இதற்கு மருந்து காயில்ஓவர். ஷாக்கின் மேல் ஸ்பிரிங். ஷாக்கின் உடம்பு முழுக்க மரை. ஸ்பிரிங் உட்காரும் தட்டை அந்த மரையில் சுற்றி ஏற்றலாம், இறக்கலாம். கார் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். ஜெர்மனியில் இதை மாட்டினால் அத்தாட்சிப் பத்திரத்தோடு பரிசோதனைக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும். நான் இருக்கும் மிச்சிகனில் வருடாந்திரப் பரிசோதனையே கிடையாது. ஒருவரும் கேட்க மாட்டார்கள், வீட்டில் இருப்பவரைத் தவிர.

கேட்க வேண்டியது ரோட்டைப் பற்றித்தான். அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மைல் நீளத்துக்கு கான்கிரீட் நெடுஞ்சாலை போட்டது எங்கள் டெட்ராய்ட்டில், வுட்வர்ட் அவென்யூவில், 1909-ல். அப்போது போட்டதில்தான் இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறோமோ என்று சில மாதங்களில் சந்தேகம் வரும். குளிர்காலத்தில் விரிசலுக்குள் தண்ணீர் இறங்கி, உறைந்து, உப்பி, மறுநாள் உருகும், மறுபடி உறையும். மார்ச் மாதம் பார்த்தால் ரோட்டில் பள்ளம் இருக்கிறதா, பள்ளத்தில் ரோடு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. 2018 கவர்னர் தேர்தலில் கிரெட்சன் விட்மர் இந்தப் பாழாய்ப்போன ரோட்டைச் சரிசெய்வோம் என்பதையே கோஷமாக வைத்து ஜெயித்தார் என்றால் ஜனங்களின் வயிற்றெரிச்சலைப் புரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஊரில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழாவில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரும் கார் கம்பெனி, பின்னால் நிற்பவரும் கார் கம்பெனி. ஒருவர் சீட்டுக்கு நுரை செய்கிறார், இன்னொருவர் வைப்பர் மோட்டார். இருவரும் சஸ்பென்ஷனில் கரைகண்டவர்கள். "ரெண்டு இஞ்ச் இறக்கு, ஸ்பிரிங்கக் கல்லு மாதிரி போடு. அப்பதான் கார் மாதிரி இருக்கும்" என்றார் வைப்பர். அவர் ஓட்டுவது மினிவேன்.

எனக்கு இதில் திட்டமான அபிப்பிராயம் உண்டு. சாதாரண ரோட்டில் ஓடும் காருக்குப் பெரிய சொத்து, சக்கரம் மேலும் கீழும் போய்வர மிச்சமிருக்கும் இடம். இரண்டு அங்குலம் இறக்கினால் அந்த இரண்டு அங்குலத்தைச் சக்கரத்தின் பங்கிலிருந்து பிடுங்கித்தான் அழகுக்குக் கொடுக்கிறோம். பிறகு பள்ளத்தில் விழுந்தால் ஷாக் கடைசிவரை அமுங்கி, பம்ப் ஸ்டாப் என்கிற நுரைக்கட்டையில் போய் இடிக்கும். அந்த நிமிஷத்தில் நாம் காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. காரைத் தாங்குவது அந்தக் கட்டையும் நம் முதுகெலும்பும்தான்.

அடுத்து எந்தக் கம்பெனி ஷாக், அதன் இறுக்கத்தை மாற்ற எத்தனை குமிழ் என்கிற கேள்வி. ஸ்வீடனில் 1976-ல் தொடங்கி, மோட்டோகிராஸ் பைக்குகளில் பெயர் வாங்கிய ஓலின்ஸ் தங்க நிறத்தில் மின்னும். பில்ஸ்டீன் மஞ்சளும் நீலமும். கே.டபிள்யூ.வில் துருப்பிடிக்காத எஃகு உடம்பே கிடைக்கிறது. பனிக்கு ரோட்டில் உப்பைக் கொட்டும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. உப்பு ஏறிய மரையில் அலுமினியத் தட்டு ஒட்டிக்கொண்டால் எந்த ஸ்பானருக்கும் மசியாது. படங்களைப் பார்த்தாலே கை பர்ஸுக்குப் போகும். சிலவற்றில் ஒவ்வொரு ஷாக்குக்கும் இரண்டு குமிழ், அமுங்குவதற்கு ஒன்று, மீள்வதற்கு ஒன்று. குமிழுக்கு இருபது கிளிக் என்றால் ஒரு மூலைக்கு மட்டும் 400 விதம். அதில் சரியானது பத்து இருந்தால் அதிகம்.

இன்னும் விலை கூடினால் குறைந்த வேகத்துக்கு ஒரு குமிழ், அதிக வேகத்துக்கு ஒரு குமிழ் என்று பிரித்துக் கொடுப்பார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த வேகம் காரின் வேகம் இல்லை, ஷாக்குக்குள் பிஸ்டன் நகரும் வேகம். வழவழப்பான நெடுஞ்சாலை வளைவில் 120 கிலோமீட்டரில் போனாலும் பிஸ்டன் மெல்லத்தான் நகரும்; அது குறைந்த வேகம். மளிகைக் கடை வாசலில் ஊர்ந்துகொண்டே ஒரு பள்ளத்தில் இறங்கினால் அது அதிவேகம். நல்ல டியூனர் முதல் வகையைக் கொஞ்சம் இறுக்கி, இரண்டாவதைச் சட்டென்று விட்டுக்கொடுக்கும்படி வால்வை அமைப்பார். வால்வு சரியாக இருந்தால் குமிழைத் தொடவே வேண்டாம். ஆகவே குமிழுக்குக் கொடுக்கும் காசை வால்வுக்குக் கொடு என்று முடிவு செய்து, வெளி மாநிலத்தில் நம் தேவையைக் கேட்டு ஷாக் செய்துதரும் ஒருவரைப் பிடித்தேன்.

அவர் விலை சொல்வதற்கு முன் ஒரு படிவம் அனுப்பினார். கல்யாணத்துக்குக் கொடுக்கிற பயோடேட்டா எழுதுவதைப் போலத்தான் அதையும் எழுதத் தோன்றுகிறது. பந்தயத் தடம் எத்தனை சதவீதம், மலைப்பாதை எத்தனை, ஆபீஸ் போக்குவரத்து எத்தனை? மலைப்பாதை 30 என்று எழுதினேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: "நம்ம ஊர்ல மலை எங்க இருக்கு?"

"ஹெல்ங்கற ஊர்ப் பக்கம் நல்ல வளைவு ரோடெல்லாம் இருக்கே."

"வளைவுன்னா மலையா? நீங்க வளைக்கறது நெடுஞ்சாலை ராம்ப் ஒண்ணுதான். 'கோயில், படேல் கடை, ஆபீஸ்: நூறு'ன்னு போடுங்க."

அப்போது வீட்டில் மாமனார் இருந்தார். கோடைக்கு வந்தவர். திருநெல்வேலியில் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். கராஜுக்கு வந்து மட்கார்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, முழு பாரத்தையும் கொடுத்து அமுக்கிச் சட்டென்று விட்டார். கார் ஒரு தடவை எழும்பி அடங்கியது.

"ஷாக்கு உயிரோடதான இருக்கு மாப்ள? பொறவு எதுக்கு மாத்துதிய?"

விளக்கினேன். ஸ்பிரிங்கைப் பற்றியும் சொன்னேன். ஜப்பான்காரர்கள் ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ என்று கணக்கு வைப்பார்கள், அமெரிக்கர்கள் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று. ஒருவருக்கு 8 என்பது இன்னொருவருக்கு 448. அந்த எட்டும் முழுசாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. சக்கரம் ஓர் அங்குலம் ஏறும்போது ஷாக் முக்கால் அங்குலம்தான் அமுங்குகிறது என்றால், முக்காலை முக்காலால் பெருக்கி வருகிற பங்குதான் போய்ச் சேரும். எட்டுக் கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் நாலரைக் கிலோ. பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டார். வைப்பருக்கு இதைச் சொன்னபோது அவர் பொங்கலுக்கு நெய் வாங்கப் போய்விட்டார்.

முன் ஸ்பிரிங்கைவிடப் பின் ஸ்பிரிங் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஆட வேண்டும் என்கிற சங்கதியும் உண்டு. மேட்டில் முன்சக்கரம்தான் முதலில் ஏறும். தாமதமாக ஏறும் பின்பக்கம் வேகமாக ஆடி முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிட்டால், கார் தலையாட்டாமல் மட்டமாக மேலே போய்க் கீழே வரும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து இதே டெட்ராய்ட்டுக்கு, ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஓலி 1930-களிலேயே, காரின் இரு முனையிலும் எடைகளை வைத்து மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது இது.

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காலி பஸ்ஸு எப்பிடி உதறும்னு தெரியும்லா? நாப்பது பேரு ஏறினா அடங்கிரும். பளுவுக்குத் தக்கனதான் ஸ்பிரிங்கு மாப்ள" என்றார். தொண்ணூறு வருஷ ஆராய்ச்சி முடிந்தது. பிறகு விலையைக் கேட்டார். டாலரில் சொன்னேன். அவராகவே ரூபாய்க்கு மாற்றினார். முகத்தில் அந்தப் பெருக்கல் நடப்பது தெரிந்தது.

"அந்தக் காசுக்கு அந்த ரோட்டையே போட்டுரலாமே மாப்ள."

அவர் சொன்ன பளு விஷயம்தான் படிவத்தின் கடைசிக் கேள்வி. இரண்டரை டன் எஸ்யூவியில் ஒருவர் ஏறினால் ஸ்பிரிங்குக்குத் தெரியவே தெரியாது. ஒரு டன் மியாட்டாவில் ஓர் ஆள் என்றால் ஆறேழு சதவீதம், அதுவும் ஒரே பக்கத்தில். நான்கு சக்கரத்தையும் நான்கு தராசில் நிறுத்தி உயரத்தைச் சரிசெய்யும்போது சீட்டில் அந்த எடையை வைத்தாக வேண்டும். ஆகவே கேட்கிறார்கள்: ஓட்டுநர் எடை, வழக்கமாக உடன் வரும் பயணியின் எடை.

கல்யாணமான யாரும் இந்தக் கேள்வியைச் சத்தமாகப் படிக்க மாட்டார்கள். நான் படிவத்தையே அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே அணிலைப் பார்த்தேன். மாமனார் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் பேனாவை வாங்கி, பயணி எடை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினாள்.

"ஏறினாத்தானே எடை?"

ஓட்டுநர் எடைக்கு 74 என்று நானே எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் செய்துதருபவரிடமிருந்து போன் வந்தது. முன்னால் 6 கிலோ, பின்னால் 4 கிலோ போதும் என்றார். அரை அங்குலத்துக்கு மேல் இறக்க வேண்டாம், மிச்சிகன் என்றதுமே பம்ப் ஸ்டாப்பை நீளமானதாக எடுத்து வைத்துவிட்டேன் என்றார். பயணி இல்லாதது வேலைக்குச் சௌகரியம் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, மரியாதையாகத்தான் கேட்டார்: ஓட்டுநர் எடை என்று போட்டிருக்கிறீர்களே, அது எந்த வருஷத்து எடை?