ஈயக் குண்டும் அச்சும்

கேள்வி: செஞ்சியை 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையிட்ட காலத்துத் துப்பாக்கிக் குண்டுகள் எவ்வாறு வார்க்கப்பட்டன? அவற்றை வார்க்கும் அச்சை இன்று வீட்டில் செய்யலாமா, வாங்கலாமா?

பதில்: 327 டிகிரி செல்சியஸிலேயே உருகும் ஈயத்தை இரும்புக் கரண்டியில் காய்ச்சி, இடுக்கிபோல் இரு பாதிகளாகத் திறக்கும் அச்சில் ஊற்றி, ஆறியபின் ஊற்றுவாயில் நீட்டி நின்ற காம்பை நறுக்கிவிட்டால் அக்காலக் குண்டு ஆயத்தமாகிவிடும். இக்காலத்தில் செப்புறைக்குள் வைத்து அழுத்தப்படும் ஈயத் துண்டையும், அதாவது குண்டின் உள்ளீட்டையும், அச்சில் வார்ப்பதுண்டு. ஆனால், 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் தோட்டாவோடு அதன் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் ஒரே வரையறைக்குள் அடக்கி, உரிமமின்றித் தயாரிப்பதைக் குற்றமாக்கியுள்ளது. அன்று செஞ்சிக் கோட்டையை ஆண்ட மராட்டிய மன்னர் ராஜாராமுக்கு உரிமம் தேவைப்படவில்லை, குடிமக்களுக்குத் தேவை. ஆகவே உரிமமில்லாதவர் அச்சைத் தேடாமல், கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கைக் கண்டு வருவதே நலம்.