அடிக்கத் தந்தியில்லாத சுத்தியல்

நம்மவருக்கு (யார் என்று துருவ வேண்டாம், இதை எழுதுபவருக்கு மிகவும் வேண்டப்பட்டவர்) 53 வயதில் பியானோ ஆசை வந்தது. அதுவரை பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவர். நிஜப் பியானோவுக்கு மாடிப்படியின் வளைவு வழிவிடாது. ஆகவே ஒரு டிஜிட்டல் பியானோ வந்து இறங்கியது. 88 கட்டை, 22 கிலோ.

முதல் கட்டையை அழுத்தியதுமே திடுக்கிட்டார். ஆர்மோனியக் கட்டை தொட்டால் இறங்கிவிடும். இது மல்லுக்கு நின்றது. உள்ளே சுத்தியல் இருக்கிறதாம். 1700 வாக்கில் ஃபிளாரன்ஸில் பார்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி செய்த பியானோவில் சுத்தியல் எழும்பித் தந்தியை அடித்தது. இதில் அடிக்கத் தந்தியே கிடையாது. பழக்கப்பட்ட விரலுக்கு அந்தக் கனம் தெரிய வேண்டுமே என்பதற்காகச் சுத்தியலை மட்டும் வைத்திருக்கிறார்கள். அதிலும் இடப்பக்கம் கனம், வலப்பக்கம் போகப் போக இலகு. நிஜப் பியானோவில் கீழ் ஸ்தாயிச் சுத்தியல்கள் பெரியவை அல்லவா!

ஒலிக்குக் கணக்கு வேறு. கட்டை இறங்கும் வழியில் இரண்டு சென்சார்கள். ஒன்றைத் தாண்டி அடுத்ததைத் தொட எத்தனை நேரம் என்று பார்த்து, 1 முதல் 127 வரை ஓர் எண் போடும். மகன் கணினியில் இணைத்துக் காட்டினான். அப்பா உருகி உருகி வாசித்த இடத்துக்கு 31. இருமலில் கை தவறி விழுந்த இடத்துக்கு 112.

ஹார்ப்ஸிகார்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தார். நிஜ ஹார்ப்ஸிகார்டில் பறவை இறகில் சீவிய முள் தந்தியைக் கிள்ளும். தடவினாலும் குத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கிள்ளும் கணம் விரலுக்கு 'டுக்' என்று தெரியும். இங்கே காதுக்குக் கிள்ளல், விரலுக்கு அதே சுத்தியல். புல்லாங்குழலுக்கும் சுத்தியல்தான். ராஜபார்ட் வேஷம் கட்டி, காலில் ரப்பர் செருப்போடு மேடையேறிய மாதிரி.

காசிருந்தால் செருப்பும் மாறும். ரோலண்ட் தன் சி-30 டிஜிட்டல் ஹார்ப்ஸிகார்டில் அந்த 'டுக்'கையே கட்டைக்குள் வைத்தது. யமஹா 2009இல் வெளியிட்ட அவான்ட்கிராண்டில், தந்தி அதிர்வது விரலுக்கு எட்டும்படி கட்டைகளையே அதிர வைத்தார்கள். விலையைக் கேட்டபோது நம்மவர் கருவி இல்லாமலே அதிர்ந்தார்.

அவர் தேடியதோ ஆர்மோனியத்தின் தொடுகை. அது கட்டையில் எங்கே இருக்கிறது? துருத்தி போடும் இடது கையில் அல்லவா இருக்கிறது! 'ஆர்மோனியம்' என்றே ஒரு பொத்தான் இருந்தது. காற்றுப் போடாமலே ஒலித்தது. நம்மவருக்கு அது அநியாயமாகப் பட்டது. 40 வருஷப் பழக்கம், இடது கை தானாகக் கருவியின் முதுகுப்பக்கம் போய்த் துருத்தியைத் தேடியது. அகப்பட்டது பவர் ஒயர். பாதி ஸ்வரத்தில் எல்லாம் அணைந்தது.

இப்போது ஊர் அடங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் சாதகம் செய்கிறார். ஹெட்போன் பாட்டை அடக்கும், சுத்தியலை அடக்காது. மூன்றாம் நாள் காலையில் கீழ் வீட்டு அம்மா படியேறி வந்தார்.

"ராத்திரி பத்து மணிக்கு மேல அப்படி என்னதான் சார் இடிக்கிறீங்க?"

"கல்யாணி" என்றார் நம்மவர்.