ராஜகிரி முழுசா இருக்கு, பிள்ளைகளைக் காணோம்!

கேள்வி: குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். எடுத்த படங்களில் மலை மட்டும் பிரமாதம். பிள்ளைகள் எறும்பாகத் தெரிகிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். உங்கள் பிள்ளை மூன்றடி. இரண்டையும் தலை முதல் கால் வரை எடுக்க நினைத்தால் யார் ஜெயிப்பார்? மலை எங்கும் ஓடிவிடாது. பாதி தெரிந்தால் போதும். 2025-இல் யுனெஸ்கோவே கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது, உங்கள் சான்றிதழ் தேவையில்லை!

பிள்ளைகளை அடிவாரத்துக்கு விரட்டாமல் பக்கத்தில் நிறுத்துங்கள். நீங்கள் குந்தி, கேமராவை அவர்கள் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் கோபுரம் அவர்கள் தலையில் கொம்பாக முளைத்தால் ஓரடி நகருங்கள். அங்குள்ள வளைவுகளுக்குள் நிறுத்தினால் இலவசமாகவே ஃபிரேம் கிடைக்கும். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவே குதிரையில் வந்தாலும், உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கருநிழல்தான். காலையிலோ மாலையிலோ எடுங்கள். "சிரி, சிரி" என்று அதட்டாதீர்கள். படி ஏறவிட்டு, ஓடவிட்டு எடுங்கள்.

நடுவில் போனை மனைவியிடமும் கொடுங்கள். இல்லையென்றால் பேரன் ஒருநாள், "தாத்தா அப்போ வரலையா?" என்று கேட்பான்.