வாளிக் கணக்கும் தாங்கிக் கணக்கும்

நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் குளிப்புக்கு அளவு சொல்ல யாரும் தேவைப்படவில்லை. கையே சொல்லிவிடும். கப்பியில் கயிறு போட்டு அள்ளும்போது ஏழெட்டு வாளி தாண்டினால் தோள் உளையத் தொடங்கும். மாரியில் கிளிநொச்சிக் கிணறுகளில் பாதிக் கயிறோடு தண்ணீர் எட்டிவிடும். ஆவணி, புரட்டாதியில் முழுக் கயிறும் இறங்கி, வாளி அடித்தரையில் தட்டும். அந்தச் சத்தம் அடுக்களையில் நிற்கும் அம்மாவுக்குக் கேட்கும். "இனிக் காணும் பிள்ளையள், கிணறு ஊறட்டும்" என்பா. அதோடு குளிப்பு முடிந்தது.

ஒரு வாளி பத்து லீற்றர் என்றால் ஒருவர் குளிக்க எழுபது, எண்பது லீற்றர் போயிருக்கும். வெள்ளிக்கிழமை சீயாக்காய் வைத்துத் தோயும் நாளில் இன்னும் கொஞ்சம் கூடும். அந்தத் தண்ணீரும் வீணாகவில்லை. கிணற்றுக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே வாழைக்கும், அங்கிருந்து தென்னைக்கும் போனது. குளிக்கிறவரே வாழைக்கும் தண்ணீர் கட்டினார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் எண்ணி வாங்கும் பொருள்களாயின. பனம்பழம் கொண்டு உடுப்புத் தோய்த்தோம். நீர் இறைக்கும் இயந்திரம் வைத்திருந்தவர்களும் எண்ணெய் இல்லாமல் மறுபடி கயிற்றைப் பிடித்தார்கள். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காக ஒரு கிணற்றைப் பத்து வீட்டார் பங்கிட்ட நாட்களும் இருந்தன. யாரும் யாரையும் தண்ணீருக்கு விரட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. முறை வைத்து அள்ளினோம்.

பிறகு 2009, போர் முடிந்த ஆண்டு. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான சனம். அருவியாற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த தண்ணீரும் பவுசர் தண்ணீரும்தான். விடியுமுன் பிளாஸ்டிக் கான்களை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்போம். அகதி முகாம்களுக்கு உலக அளவில் வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றர். குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க எல்லாம் அதற்குள். எனக்குத் தண்ணீர்க் குறைவை விடக் கடினமாக இருந்தது, மறைப்பு இல்லாதது. நாலு பெண்கள் சீலையைப் பிடித்து நிற்க, நடுவில் ஒருத்தி குறுக்குக்கட்டோடு அவசரமாக மேல் கழுவுவாள். பிறகு அவள் சீலையைப் பிடிக்க, அடுத்தவள் போவாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஓட்டுக்கூரையும், பூட்டுப் போட்ட குளியலறையும், சீமெந்துத் தூணின் மேல் 1000 லீற்றர் தாங்கியும் இருக்கின்றன. மோட்டர் சுவிச்சைத் தட்டினால் தண்ணீர் ஏறும். ஷவரைத் திருப்பினால் மழை மாதிரி விழும். மகனும் மகளும் ஆளுக்கு இருபது நிமிடம் நிற்பார்கள். கதவைத் தட்டினால், "அம்மா, இன்னும் ரெண்டு நிமிசம்" என்று குரல் வரும்.

சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு ஒன்பது, பத்து லீற்றர் விழுகிறது. இருபது நிமிடத்துக்கு 180 லீற்றருக்குக் குறையாது. முகாமில் பன்னிரண்டு பேர் ஒரு நாளைக்கு வைத்துச் சமாளிக்க வேண்டிய தண்ணீர் அது. இரண்டு பிள்ளைகளும் குளித்து முடிய, தாங்கியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருக்கும். குழாய்த் தண்ணீர் எடுக்கும் வீடுகளிலும் இந்தக் கணக்கு உறைக்கும். ஓர் அலகு 1000 லீற்றர். பாவனை கூடக் கூட அலகின் விலையும் படிப்படியாக ஏறும். இரண்டு பிள்ளைகளின் குளிப்பு மட்டும் மாதத்துக்குப் பத்து அலகைத் தாண்டும்.

ஆனால் அந்தக் கதவைத் தட்டித் திறக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் மகளுக்குப் பதினைந்து வயது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யாரும் அவசரப்படுத்தாமல், தன் பாட்டில் நிற்க அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அது எங்களுக்குக் கிடைக்காதது. அவளுக்கு அது வேண்டும். முகாமில் நாங்கள் பட்டதைச் சொல்லிச் சொல்லி அவளைக் குற்றவாளி ஆக்கவும் நான் விரும்பவில்லை. அந்தத் துன்பம் அவளுக்குத் தண்டனையாக வரக் கூடாது. குறைய வேண்டியது தண்ணீர். அவளுடைய தனிமை குறைய வேண்டியதில்லை.

பிள்ளைகள் பொறுப்பில்லாதவர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த அளவு அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வாளி அடித்தரையில் தட்டும் சத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை. தாங்கி உயரத்தில், மூடியோடு இருக்கிறது. அவர்கள் கண்ணால் கண்டதெல்லாம் 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற காட்சி. ஆனால் இந்த மண்ணில் மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும்தான். பெய்ததை மிச்ச மாதங்களுக்கும் பிரித்து வைத்துக்கொள்ளத்தான் வன்னி முழுக்க இத்தனை குளங்களைக் கட்டினார்கள்.

அந்தப் பிரிப்பு எங்கள் கமக்காரருக்கு நன்றாகத் தெரியும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவில் ஒவ்வோர் ஆண்டும் சிறுபோகத்துக்கு முன் கூட்டம் நடக்கும். முதலில் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதை வைத்தே எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிப்பார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லாருடைய பங்கும் குறையும். அந்தக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது அவர்கள் எதிர்த்ததும் அந்த அடிக்கணக்கை வைத்துத்தான். பிறகு அதற்கு மாற்றாகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. கடலைக் குடிநீராக்க எவ்வளவு மின்சாரமும் காசும் வேண்டும் என்று நினைத்தால், தோட்டத்துக் கிணற்று நீரின் பெறுமதி விளங்கும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சிறுபோகக் கூட்டம் வைத்தோம். பிள்ளைகளின் அம்மம்மாவும் இருந்தா. முதலில் தாங்கிக்கு வெளியே நீர்மட்டம் தெரியும்படி கண்ணாடி போன்ற குழாய் ஒன்றைப் பொருத்தினோம். மகள் அதில் நூறு லீற்றருக்கு ஒரு கோடு கீறினாள். காலையில் மோட்டர் போட்டுத் தாங்கியை நிரப்புவது மகனின் பொறுப்பு. இரவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பதும் அவனே. ஷவருக்குப் போகும் வால்வைப் பாதி பூட்டினோம். விழும் தண்ணீர் நிமிடத்துக்கு ஆறு லீற்றராகக் குறைந்தது. சவர்க்காரம் போடும்போது பூட்டுவது என்று முடிவானது. தோயும் நாளில் கூடுதல் பங்கு உண்டு. குளியலறைத் தண்ணீரைப் பழையபடி வாழைக்குத் திருப்பினோம்.

மகளிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "எவ்வளவு நேரம் வேணுமெண்டாலும் நில்லு பிள்ளை, ஆரும் தட்டமாட்டினம். தண்ணியைப் பூட்டிப்போட்டு நில்லு." இப்போது உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும், தண்ணீர்ச் சத்தம் கேட்காது. தாங்கி மாலைவரை தாக்குப்பிடிக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் உரிய பாடம் இல்லை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கடும் வரட்சி வந்தபோது, 2007இல் வீடுகளுக்கு நான்கு நிமிட மணற்கடிகாரம் கொடுத்தார்கள், குளியலறைச் சுவரில் ஒட்டிவைக்க. 2018இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ஆளுக்கு நாளுக்கு 50 லீற்றர் என்று வரையறுத்தார்கள். ஷவருக்குக் கீழே வாளியை வைத்து, அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். இரண்டு இடங்களிலும் ஏச்சைவிட, அளவைக் கண்முன் வைத்ததே உதவியது.

ஆவணி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டு ஷவருக்குக் கீழே ஒரு வாளியை வைத்து, ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். எத்தனை லீற்றர் என்று பிள்ளைகளையே அளக்க விடுங்கள். அதை அவர்கள் குளிக்கும் நிமிடங்களால் பெருக்கவும் விடுங்கள். பங்கு எவ்வளவு என்று அவர்களே சொல்லட்டும். அந்தப் பங்கைப் பெரியவர்களும் மீறாமல் இருப்போம்.